படையலில் வைத்த மூன்றாம் பாகம்

“திரும்பிப் பாக்காம நடங்க. யாரும் பேச வேணாம்.”

ராமையா மாமா சொன்னதும் நடந்தோம். எங்களுக்குப் பின்னால், லயத்து வீட்டு வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவின் தகரக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. வாழையிலையில் சோறு, கோழிக்கறி. பக்கத்தில் கால் போத்தல் சாராயம், பற்றவைத்த பீடி. அவற்றுக்கு நடுவே, தேங்காயில் சாய்த்து வைத்த என் போன். அதில் ஒரு பெண் ஜப்பான் மொழியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் உயிரோடு யாரும் இல்லை.

படிக்கட்டு நனைந்து வழுக்கியது. கீழே பீலி, அதாவது லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற இடம். அங்கே போய்ச் சேர்வதற்குள் மூடுபனி இறங்கி லயத்தை மூடிவிட்டது. கதவும் தெரியவில்லை, கூரையும் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது.

எங்கள் பக்கத்தில் கருமாதிப் படையல் இப்படித்தான். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதற்கான நேரம் அது. வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை வைப்பார்கள். என் நண்பன் சேகருக்கு ஒரு ஜப்பான் காதல் நகைச்சுவை அனிமே கார்ட்டூனின் மூன்றாம் பாகத்தை வைத்தோம். கேட்டது அவன் மனைவி கலா. வைத்தது நான்.

வலப்பனைத் தச்சுப் பட்டறையை விட்டு ஒரு பையோடு கிளம்பியதைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். எங்கே போனாய் என்று சிலர் கேட்டார்கள். இங்கேதான் வந்தேன், இறம்பொடைக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்துக்கு.

வாச்சுக் கடை

சேகரை எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தெரியும். கொழுந்து வாட்டுகிற மாடியில் இருவரும் இரவு வேலை பார்த்தோம். நான் ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, கிளம்பிவிட்டேன். அவன் அங்கேயே இருந்தான். எனக்கு ஓர் இடத்தில் காலூன்றத் தெரியாது. அவனுக்கு வேறு இடத்துக்குப் போகத் தெரியாது.

கொழுந்தைப் பரப்பிவிட்டால் காற்றாடி ஓடுகிற வரைக்கும் பெரிய வேலை இல்லை. தூங்கினால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். தூக்கம் வராமல் இருக்கத்தான் அனிமே பார்க்க ஆரம்பித்தோம். இயர்போனில் ஒரு காது அவனுக்கு, ஒரு காது எனக்கு. கீழே ஓடுகிற வரிகள் ஆங்கிலம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், ஒரு வரியைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். சேகர் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் வாசித்து, நம்ம ஊர்த் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான்.

அதனால் அந்தக் கதையை நான் பார்த்தேன் என்பதைவிட சேகரிடம் கேட்டேன் என்பதுதான் சரி. கதாநாயகியும் அவன் குரலில்தான் பேசினாள்.

பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். தொடருக்கு ‘வாச்சுக் கடை’. கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே கடிகாரம் திருத்துகிற கடையில் ஒரு பையன், அவன் ‘கடைக்காரன்’. வாராவாரம் தன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கொண்டுவருகிற பெண் ‘வாச்சுக்காரி’. கடை முதலாளியின் மகள் ‘கொண்டை’.

வாச்சுக்குள் ஒரு கோளாறும் கிடையாது. வருகிற வழியில் அவளே முள்ளைத் திருப்பி வைத்துவிடுவாள். அவனுக்கும் அது தெரியும், ஏனென்றால் வழியில் அவள் உரித்துத் தின்ற தோடம்பழத்தின் வாசம் எப்போதும் திருகுமுனையில் இருக்கும். ஆனாலும் அவன் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டு, முகத்தைப் பெரிய டொக்டர் மாதிரி வைத்துக்கொண்டு ஒரு வியாதி சொல்வான்.

“இந்த வாரம் உங்க வாச்சுக்குச் சளி புடிச்சிருக்கு.” சேகர் மூக்கால் சொல்வான். அடுத்த வாரம், “வாச்சு கோவமா இருக்குங்க. வீட்டுல யாரோ ஏசியிருக்காங்க.”

சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். மூக்கு வழியாக, பன்றிக்குட்டி மாதிரி. அந்தச் சிரிப்பு கொழுந்து மாடி முழுக்கக் கேட்கும்.

முதல் பாகத்தைப் பற்றி என் கருத்து: இதைவிட நல்ல காதல் நகைச்சுவையை நான் பார்க்கவில்லை. யாரும் விழுந்து எழும்பி யார் மேலும் மோதுவதில்லை. ஒரு மேசை, ஒரு வாச்சு, இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள், இரண்டு பேருக்கும் அது தெரியும். எடுத்தவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

எங்களுக்குள் சண்டை கொண்டையைப் பற்றித்தான். நான் கொண்டை பக்கம். அவள் ஒவ்வொரு நாளும் கடைக்காரனுக்குத் தேநீர் ஊற்றி வைப்பாள். அவன் வேலை மும்முரத்தில் ஆறவிட்டுக் குடிப்பான். ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

“அவளுக்கு ஒரு நியாயம் வேணாமாடா?” என்று கேட்டேன்.

“தேத்தண்ணி ஊத்துறதெல்லாம் காதலாடா? அப்பிடிப் பாத்தா இந்த மலையில இருக்கிற அத்தன பேரும் காதல்லதான் இருக்கோம்.”

மூடிக்கொண்ட ரயில்

இரண்டாம் பாகம் ஒரு வருஷம் கழித்து வந்தது. நான் அப்போது ஹட்டனில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன், படுப்பதும் அந்த மூட்டைகளின் மேல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து, சேகரின் காம்பராவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பார்த்தோம். அப்போது அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. கலா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரெண்டு கெடா மாடு, பொம்மைப் படம் பாத்து மூக்கச் சிந்துதுங்க. வெளியில சொல்லிறாதீங்க, கொழுந்து மலையில சிரிச்சே சாகடிச்சிருவாங்க.”

அந்தப் பாகத்தில் சிரிப்பு குறைவு. நிறமும் மங்கல். கிழ முதலாளி படுத்துவிடுகிறார், கடையை மூட வேண்டிவருகிறது, கடைக்காரன் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறான். கடைசியில் ரயில் நிலையம். வாச்சுக்காரி ஓடிவருகிறாள். இந்தத் தடவை வாச்சு நிஜமாகவே நின்றுபோயிருக்கிறது. கதவு மூடிக்கொள்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொல்கிறாள். சத்தம் இல்லை. கீழே வரியும் இல்லை. ரயில் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

அதுதான் சரியான முடிவு என்று நான் இன்றைக்கும் சொல்வேன். போகிறவனுக்கு எதுவும் முழுசாகக் காதில் விழாது. நான் எத்தனை ஊரிலிருந்து போயிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

சேகரால் தாங்க முடியவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, வாயசைவை வைத்து என்ன சொல்கிறாள் என்று கண்டுபிடிக்கப் பார்த்தான்.

“லூசு, பொம்மை வாய்க்கு ரெண்டே அசைவுதான். தெறக்கும், மூடும்.”

“என்னவோ சொல்றாடா. முடிவு தெரியாம மனுசன் எப்பிடித் தூங்குறது?”

“முடிவு இதுதான்.”

“இது முடிவு இல்ல, வலி. மூணாவது வரும் பாரு. நீ வர்ற வரைக்கும் நான் பாக்க மாட்டேன். நீயும் பாக்காத.”

மூன்றாவது வர நீண்ட காலமாயிற்று. வந்தபோது நான் வலப்பனையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தேன். போனில் இறக்கி வைத்தேன், பார்க்கவில்லை. லீவு கிடைத்ததும் போகலாம் என்றிருந்தேன். லீவுக்கு முன்பே செய்தி வந்தது. விறகு வெட்டப் போன இடத்தில் குளவிக்கூடு கலைந்து, சேகரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. எங்கள் மலையில் சாவுக்கு இது புதிய வழி அல்ல. செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது, அடக்கத்துக்குப் போக முடியவில்லை.

தகரத்தில் நகம்

கருமாதி நெருங்கியபோது கலா எனக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணே, அந்த பொம்மைப் படத்தோட கடைசி வந்திருச்சாமே?”

“வந்திருச்சும்மா.”

“எடுத்துக்கிட்டு வாங்க. அவருக்கு வைக்கணும்.”

பிறகு சொன்னாள். சேகர் இரவு வேலை முடிந்து வரும்போது கதவைத் தட்ட மாட்டான். லயத்தில் சுவர் மெல்லியது, தட்டினால் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எழும்பிவிடுவார்கள். அதனால் தகரத்தில் நகத்தால் மெதுவாகக் கீறுவான். கலா தூக்கத்திலேயே “தெறந்துதான் இருக்கு” என்பாள். அவன் உள்ளே வந்து படுப்பான். அவர்கள் குடும்பம் நடத்திய காலம் முழுக்க இப்படித்தான்.

அவனை அடக்கம் செய்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

“எலியா இருக்கும்” என்றேன்.

“எலி கீறினா எனக்குத் தெரியாதாண்ணே? அது அவரு நகம். சத்தம் கேக்குறதுகூடப் பயம் இல்ல. நான் பதில் சொல்லிர்றேன். அதுதான் பயம். தூக்கத்துல வாய் தானாச் சொல்லிருது, ‘தெறந்துதான் இருக்கு’ன்னு. சொன்னதுக்கு அப்பறம் முழிச்சிக்கிட்டு, விடியுற வரைக்கும் கதவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

ராமையா மாமா சேகருக்குத் தாய்மாமன். செத்தவனுக்குப் பதில் சொன்னால் அவன் வாசலை விட்டுப் போக மாட்டான் என்று அவர் சொல்லியிருந்தார். தன் லயத்துக்கு வந்துவிடும்படி கூப்பிட்டிருந்தார். கலா போகவில்லை. ஆள் இல்லாத காம்பராவுக்கு முன்னால் அவன் கீறிக்கொண்டு நிற்பதை நினைத்தால் அதைவிட மோசமாக இருக்கிறது என்றாள். தூக்கம் இல்லாமல் கொழுந்துக்குப் போய், நின்றபடி கண் மூடி, கூடையோடு சரிவில் உருண்டு முழங்கைத் தோல் பெயர்ந்திருந்தது.

“இப்பிடியே போனா நானும் போயிருவேன்ணே. அவரு அந்தப் படம் முடிவு தெரியாமத்தான் சுத்துறாரு. சும்மாவே சொல்லிக்கிட்டு இருப்பாரு, முடிவு தெரியாம எப்பிடித் தூங்குறதுன்னு.”

அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்து மூன்றாம் பாகத்தைத் தனியாகப் பார்த்தேன். வரிகளை நானே எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். இரண்டு காதிலும் இயர்போன் இருந்தது. அது எனக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் பாகத்தைப் பற்றி என் கருத்து: எடுக்காமலே விட்டிருக்கலாம். கண்ணெல்லாம் சின்னதாக வரைந்திருக்கிறார்கள். பாட்டு அளவுக்கு மீறிய சத்தம். கதைக்குச் சம்பந்தமில்லாத குண்டுப் பூனை ஒன்று, பொம்மை விற்பதற்காகவே வருகிறது. கொண்டையை ஒரே வாரத்தில் ஒரு மீன்காரனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள், அவளைக் கேட்கவே இல்லை. கடைசியில் வருஷங்கள் கழித்து, பொழுது சாய்கிற நேரம் கடைக்காரன் ஊருக்குத் திரும்புகிறான். மூடிக் கிடந்த கடையில் விளக்கு எரிகிறது. கதவைத் தள்ளி “தடாய்மா” என்கிறான். உள்ளே கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிற வாச்சுக்காரி நிமிர்ந்து “ஒகாயேரி” என்கிறாள். வந்துட்டேன். வாங்க.

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் சொல்வது இது. கடைக்குப் பாண் வாங்கப் போய் வந்தவன் சொல்கிற சொல். இத்தனை வருஷம் காக்கவைத்து இதைத்தானா தருவது என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் பாதி, சேகர் பக்கத்தில் இருந்து மூக்கால் சொல்லாததால் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எரிச்சல் அடங்கின பிறகுதான் பயம் வந்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது நாங்கள் “போயிட்டு வர்றேன்” சொல்ல மாட்டோம். ‘வர்றேன்’ என்ற சொல்லே அந்த வாசலில் ஆகாது. பேசாமல் எழுந்து போய்விடுவோம். அப்படிப்பட்ட வீட்டில், வாசலில் கீறுகிறான் என்று பயப்படுகிற பெண்ணின் அறையில், ‘வந்துட்டேன், வாங்க’ என்று முடிகிற கதையை நான் போட்டுக்காட்டப் போகிறேன்.

சாவு வீட்டில் பொம்மைப் படமா?

படையலன்று காலையில் போய்ச் சேர்ந்தேன். கலாவின் கண்ணைச் சுற்றிக் கரி பூசின மாதிரி இருந்தது. விஷயத்தைக் கேட்டு ராமையா மாமா குதித்தார்.

“சாவு வீட்டுல பொம்மைப் படமா? எங்க அப்பாவுக்குப் படையல் வச்சப்போ நாங்க என்ன, ரேடியோவா வச்சோம்?”

“ஒங்க அப்பாவுக்கு ரெண்டு போத்தல் வச்சீங்கன்னு கேள்விப்பட்டேன் மாமா” என்றாள் கலா. “கதவத் தெறந்தப்போ ஒன்னுதான் இருந்துச்சாம். மத்தத அவரு குடிச்சாரா, நீங்க குடிச்சீங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“சரி, என்னமோ செய்யுங்க. சத்தத்தக் கொறச்சு வைங்க. சாமி ஏதும் பக்கத்துல இருந்தா நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?”

அவர் தேங்காய் உடைக்கப் போனதும் கலாவிடம் முடிவைச் சொன்னேன். மறைத்து வைக்க மனம் வரவில்லை. அவன் திரும்பி வருகிறான், ‘வந்துட்டேன்’ என்கிறான், அவள் ‘வாங்க’ என்கிறாள், அதோடு கதை முடிகிறது. வேண்டுமானால் அந்தக் கடைசிக் காட்சியை விட்டுவிட்டு, அதற்கு முந்தினதோடு நிறுத்திவிடலாம் என்றேன். எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

கலா இலையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“‘வாங்க’ன்னு யாரு சொல்றா?”

“அந்தப் பொண்ணு.”

“நான் இல்லைல?”

“நீ எப்பிடிம்மா...”

“அப்ப போடுங்க. முழுசாப் போடுங்க. யாராச்சும் ஒருத்தி அவர ‘வாங்க’ன்னு கூப்பிடட்டும். அங்க போகட்டும். கடலோர ஊரு, வெயிலா இருக்கும்னு சொல்லுவாரு. இங்க குளிருல எதுக்கு நிக்கணும்?”

குரல் உடையவில்லை. ஒரு முடிவை எடுத்தவள் பேசுகிற மாதிரி பேசினாள். நான் போனுக்குச் சார்ஜ் ஏற்றினேன்.

பீலியடியில்

இப்படித்தான் அந்த மாலை நாங்கள் பீலியடியில் நின்றோம். ராமையா மாமா, கலா, பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா, நான். படம் முடிகிற வரைக்கும் நிற்க வேண்டும். பிறகு மாமா போய் மூன்று தட்டுத் தட்டிக் கதவைத் திறப்பார்.

காற்று இல்லை. பனி அசையாமல் கிடந்தது. பீலித் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே மேலேயிருந்து ஜப்பான் பேச்சு வந்துகொண்டிருந்தது. எனக்குக் கதை தெரியும். எந்த இடம் ஓடுகிறது என்று குரலை வைத்துச் சொல்ல முடிந்தது. இது பூனை, இது பழைய கடைத்தெரு, இது அவன் ரயிலை விட்டு இறங்குவது.

நடுவில் ஓரிடத்தில் பாக்கியம் அக்கா என் கையைக் கிள்ளினார். “படத்துல சிரிக்கிறானா?”

அந்த இடத்தில் படத்தில் யாரும் சிரிப்பதில்லை. மழை பெய்கிறது, அவ்வளவுதான். எனக்கும் கேட்டது, மூக்கு வழியாக வருகிற ஒரு சிரிப்பு. பீலியில் தண்ணீர் இடறி விழுந்த சத்தமாகவும் இருக்கலாம். “படத்துலதான்” என்றேன்.

பிறகு “தடாய்மா.” கொஞ்சம் இடைவெளி. “ஒகாயேரி.”

கலா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிப் பாட்டு ஓடி அடங்கியது.

முடிந்ததும் நிறுத்தும்படி போனில் வைக்க மறந்திருந்தேன். போன் தானாகவே ஆரம்பத்துக்குப் போய், அதிலேயே இருந்த முதல் பாகத்தின் முதல் காட்சியைப் போட்டது. அது கடலில் தொடங்கும். கடலைப் பார்க்கவே வாய்க்காதவர்கள் வாழ்கிற அந்த மலையில், சாத்தின கதவுக்குள்ளிருந்து அலை அடிக்கிற சத்தம் பனி வழியாக எங்களிடம் வந்தது.

அந்த அலைச் சத்தத்துக்கு மேலே, தகரத்தில் ஒரு கீறல்.

பாக்கியம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மாமா, “வந்துட்டான். வாசல்ல நிக்கிறான்” என்றார், உதடு மட்டும் அசைய.

மறுபடியும் கீறியது. மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி.

கலாவின் தொண்டை அசைவதைப் பார்த்தேன். வாய் திறந்தது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். பல் தெரிய அதைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பீலிக் கல்லைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் தடவை கீறியபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அப்போது போனிலிருந்து வாச்சுக்காரி பேசினாள். முதல் தடவையாகக் கடைக்குள் வருகிற காட்சி அது. யாராவது இருக்கீங்களா என்று கேட்பாள். இருக்கேன், வாங்க என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

பதில் வந்தது. அதற்குப் பிறகு கீறவில்லை.

மாமா மேலே ஏறிப் போய், மூன்று தட்டுத் தட்டிக் கதவைத் தள்ளினார். பின்னாலேயே போனோம். இலை வைத்தபடி இருந்தது. பீடி கடைசிவரை எரிந்து, சாம்பல் உடையாமல் ஒரு துண்டாக நின்றது. போனில் கடைக்காரன் வாச்சைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் நிறுத்தினேன்.

கதவு வேலை

அன்று இரவு எனக்குப் பாக்கியம் அக்காவின் காம்பராவில் இடம் கொடுத்தார்கள். விடிந்ததும் மாமா வந்து எழுப்பினார்.

“தம்பி, பட்டறையிலதானே இருந்தீங்க? இந்தத் தகரக் கதவக் கழட்டிட்டு பலகைக் கதவு ஒன்னு போட்டுக் குடுங்க. தகரம் இருந்தாத்தானே கீறுவான். பலகை நான் தாறேன். மூனு வேளைச் சாப்பாடு, மிச்சத்தப் பேசிக்குவோம்.”

எனக்குப் போக இடமும் இல்லை, வேறு வேலையும் இல்லை. ஒத்துக்கொண்டேன்.

கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் பழைய கீறல்கள் இருந்தன. சேகர் உயிரோடிருந்தபோது கீறியவை. எல்லாம் துருவேறி மங்கிக் கிடந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை.

உட்பக்கம் ஆணியில் அவனுடைய கோட் தொங்கியது. குளவி கொட்டிய அன்று அதைப் போட்டுக்கொண்டு போகவில்லை. அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. கதவைக் கழற்றுவதற்காகக் கோட்டை எடுத்தேன். பின்னால் தகரம் அடுப்புப் புகையில் கன்னங்கரேல் என்று இருந்தது. அந்தக் கரியில் நாலு நாலு கோடுகளாக, ஆள் உயரத்தில், பளபளவென்று கீறல்.

மாமா எட்டிப் பார்த்தார். “கோட்டுப் பொத்தான் காத்துல ஒரசியிருக்கும்” என்றார். முந்தின மாலை காற்றே இல்லை என்று நான் சொல்லவில்லை.

கலா வந்து பார்த்தாள். கையை நீட்டினாள், தொடாமல் நான்கு விரலையும் கோடுகளுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். அவள் விரல்களைவிடக் கோடுகள் அகலம் விட்டு விழுந்திருந்தன.

“உள்ள வர்றதுக்குக் கீறல” என்றாள்.

நான் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

“வெளிய போகத்தான் கேட்டிருக்காரு. நான்தான் இங்கனயே படுத்துக்கிட்டு... அண்ணே, தெறந்துதான் இருக்குன்னு நான் சொன்னது தப்பு இல்லதானே?”

“தப்பே இல்ல.”

“நேத்து ஒரு நாளுதான் சொல்லல.”

நான் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். கதவு இல்லாத வாசல் வழியாகப் பனி உள்ளே வந்து அடுப்படி வரைக்கும் போயிருந்தது. “பலகைய இன்னிக்கே மாட்டிறாதீங்க” என்று சொல்லிவிட்டு, கலா சுவரோரம் பாயை விரித்துச் சுருண்டு படுத்தாள். வாசல் நிலையில் மிஞ்சியிருந்த ஆணியை நான் பிடுங்குவதற்குள் தூங்கிவிட்டாள்.

கதவு மாட்டுகிற வேலைக்கு ஒத்துக்கொண்டவன், அன்று முழுவதும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, இழைத்த பலகையையே திரும்பத் திரும்ப இழைத்துக்கொண்டிருந்தேன்.